அரும்பு நிலையிலேயே நிற்கும் பிள்ளைகளுக்காக: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் தடங்கல் தரும் கற்றல் குறைபாடு) உள்ள மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் தருகிறீர்கள். சொல்வதை எழுத ஆள் தருகிறீர்கள். மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கும் கிடைக்கிறது. இவை தேவைதான், ஒன்றையும் எடுத்துவிட வேண்டாம். ஆனால் இவையெல்லாம் வாசிக்க வராத பிள்ளை தேர்வைக் கடப்பதற்கான ஏற்பாடுகள். அந்தப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தரும் ஏற்பாடு எங்கே? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதன் 16ஆவது பிரிவில் கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து, அதைக் கடக்க ஏற்ற கற்பித்தல் முறைகளைக் கையாளச் சொல்கிறது. பதினைந்து வயது எந்தக் கணக்கிலும் சீக்கிரம் ஆகாது.

நான் மாலை நேரங்களில் இந்தப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லித்தருகிறவள். தமிழில் இந்தச் சிக்கல் எளிதில் ஒளிந்துகொள்ளும். எழுத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடுகிற மொழி நம்முடையது. அதனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் எழுத்துக் கூட்டி எப்படியோ சொல்லைப் பிடித்துவிடும். தப்பு குறைவாக இருக்கும், வேகம்தான் இருக்காது. வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். சில பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதைக் கேட்டே முழுப் பாடத்தையும் ஒப்பித்துவிடுவார்கள். "கேட்டா எல்லாம் சொல்றான், புத்தகத்தைக் குடுத்தா முழிக்கிறான்" என்று அம்மாக்கள் சொல்வது இதைத்தான். அறிவுக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்து, எழுத்தோடு விரைவாகச் சேர்ப்பதில்தான் தடங்கல்.

நம் எழுத்துக்கென்றும் சில முடிச்சுகள் உண்டு. 'கெ' எழுதும்போது எகர ஒலி பின்னால் வருகிறது, கொம்போ முன்னால் நிற்கிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் வந்துவிடுகிறது. பக்கம், தங்கம், பகல் மூன்றிலும் ககரம் மூன்று மாதிரி ஒலிக்கிறது. மற்ற பிள்ளைகள் இதைத் தானாகப் பிடித்துக்கொள்வார்கள். இவர்களுக்கு ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

முறையான வாசிப்புப் பயிற்சி செய்வது அதைத்தான். முதலில் காதுக்கு வேலை: 'பட்டம்' என்பதில் 'ப'வை எடுத்துவிட்டுக் 'க' போட்டால் என்ன வரும்? அப்புறம் எழுத்து, ஒரே சீரான வரிசையில். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கற்ற எழுத்துகளால் ஆன சொற்களை மட்டுமே வாசிக்கவும் எழுதவும் கொடுக்க வேண்டும். துணைக்கால் உறுதியாகும் முன் கொம்புக்குப் போகக் கூடாது. அவசரப்பட்டுப் பாடநூலைக் கையில் கொடுத்தால், தெரியாத எழுத்து வந்ததும் பிள்ளை படத்தைப் பார்த்து ஊகிக்கும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹாமும் 1930களில் வகுத்த வழியை ஒட்டியது. சென்னையிலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்காக வேலை செய்துவருகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சியாக இது கிடைத்துவிடும். ஒன்றியப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு உங்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியபோது மனதார மகிழ்ந்தேன். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைகளாகப் பிரித்து, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குவது சரியான யோசனை. பருவங்கள் மாறியும் அரும்பிலேயே நிற்கிற பிள்ளைகள் யார் என்பதை அந்தத் திட்டமே காட்டிவிடுகிறது. அவர்களுக்கு அதே பாடத்தைத் திரும்ப நடத்தாதீர்கள். வேறு விதமாக நடத்துங்கள். அவர்களில் எல்லோருக்கும் டிஸ்லெக்சியா இருக்காது, சரி. நிறைய நாள் விடுப்பு எடுத்த பிள்ளை இருக்கலாம், வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளை இருக்கலாம். இந்தப் பயிற்சி அவர்களுக்கும் நல்லதுதான். மருத்துவச் சான்றிதழுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். சான்றிதழ் தேர்வுச் சலுகைக்குத் தேவைப்படலாம், எழுத்தைக் கற்றுத்தர அது எதற்கு?

எட்டாம் வகுப்புவரை எல்லோருக்கும் தேர்ச்சி தருவதை நான் குறை சொல்லவே மாட்டேன். வாசிக்க வராத பிள்ளையை அதே வகுப்பில் உட்காரவைத்தால் வாசிப்பு வந்துவிடப் போவதில்லை.

வேண்டியது தினமும் அரை மணி நேரமாவது, மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர். வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருமுறை ஒருவர் வந்துபோவதால் இது நடக்காது. பள்ளிக்கு ஒரு ஆசிரியருக்காவது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் இந்த முறையைச் சொல்லிக்கொடுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேறு எந்தப் பதிவேட்டு வேலையும் தராதீர்கள். எழுத்து வரிசைப்படி அமைந்த சின்னச் சின்ன வாசிப்பு நூல்களை அச்சிட்டுக் கொடுங்கள்.

மாநிலம் முழுவதும் ஒரேயடியாக முடியாது என்றால், வரும் ஜூனில் மாவட்டத்துக்கு ஒரு வட்டாரத்திலாவது தொடங்குங்கள். நான் வகுப்பில் பயன்படுத்தும் பாட வரிசையையும் சொற்பட்டியலையும் கேட்டால் அப்படியே தருகிறேன். பயிற்சி நாட்களில் வந்து நடத்திக் காட்டவும் தயார்.

இப்படிக்கு,
வாசிப்புப் பயிற்சி தரும் ஓர் ஆசிரியை