மயோனைஸ் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுமுன்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம்; அம்மாவின் கண் அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. ஊறுகாயோடு முட்டையில்லா மயோனைஸும் தயாரிக்கப் போவதாகவும், இயந்திரத்துக்கு முன்பணம் கட்டவிருப்பதாகவும் எழுதியிருந்தாய். செட்டியார் கிடங்கை வாங்கியபோது காட்டிய அவசரத்தை இப்போதும் காட்டாமல், முதலில் இதைப் படி.

சந்தையைப் பற்றி நீ போட்ட கணக்கில் தவறில்லை. பச்சை முட்டையோடு எண்ணெய் சேர்த்து அடித்துச் செய்யும் மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. கேரளமும் தெலங்கானாவும் அதற்கு முன்பே தடை விதித்திருந்தன. மிக்சியில் தாமே அடித்துக்கொண்டிருந்த ஷவர்மா கடைக்காரர்கள் என் கடைக்குப் பாக்கெட் மயோனைஸ் கேட்டு வரத் தொடங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் மயோனைஸ், சாஸ், சாலட் டிரஸ்ஸிங் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் சாலட் டிரஸ்ஸிங் பாட்டில்களை மட்டும் இன்னும் யாரும் தொடுவதில்லை. வெள்ளரிக்காயைத் தயிர்ப் பச்சடியாகவோ கோசுமல்லியாகவோ செய்துகொள்ளும் வீட்டுக்கு அது எதற்கு?

என்னை உறுத்துவது வேறு. மயோனைஸை அதிகம் வாங்குபவர்கள், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் தாய்மார்கள். சப்பாத்தியில் தடவிச் சுருட்டி மதிய உணவாகக் கொடுத்தனுப்புகிறார்கள். உறையிலுள்ள பச்சைப் புள்ளியைக் காட்டி, "முட்டை இல்லை, அதனால் உடம்புக்கு நல்லதுதானே?" என்று கேட்கிறார்கள். அந்தத் தடை சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கு அஞ்சி வந்தது. கொழுப்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அமெரிக்க விதிப்படி மயோனைஸ் என்று பெயரிடவே எடையில் குறைந்தது 65 சதவீதம் தாவர எண்ணெய் வேண்டும். நம் முட்டையில்லா வகைகளில் எண்ணெய் அதைவிடக் குறைவாக இருந்தாலும், எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் முட்டையின் வேலையை மாவுச்சத்தும் பிசின் வகைகளும் ஏற்றுக்கொள்ள, எண்ணெய்தான் முக்கியப் பொருளாக நிற்கிறது. தினமும் அதைத் தின்னும் பிள்ளைக்குப் பச்சைப் புள்ளி என்ன காவல், சொல்.

தொழிலுக்கும் அந்த எண்ணெய்தான் ஆபத்து. கச்சா சூரியகாந்தி, சோயா எண்ணெய்களின் இறக்குமதி வரி 2024 செப்டம்பரில் 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக உயர்ந்து, 2025 மே இறுதியில் 16.5 ஆக இறங்கியது. பெரிய நிறுவனங்கள் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்; நீ எத்தனை மாதம் தாங்குவாய்?

ஆகவே நான் சொல்வது இதுதான்: நீ எள்ளைக் கையில் எடு. 1925-இல் ஜப்பானில் மயோனைஸை விற்கத் தொடங்கிய க்யூபி நிறுவனமே இன்று வறுத்த எள் டிரஸ்ஸிங்கும் விற்கிறது. எள்ளிலும் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான் என்றாலும், அதோடு புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வருகின்றன. எள்ளின் தரம் பார்த்து வாங்குவதில் உனக்கு நிகர் நம் வட்டாரத்தில் இல்லை. வறுத்த எள், பூண்டு, மிளகு, எலுமிச்சை சேர்த்து அரைத்த விழுதைச் சாலட்டுக்கென்று சொல்லாமல் சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் தடவுவதற்கென்று விற்றால், அந்தத் தாய்மார்களிடம் நானே எடுத்துச் சொல்லி விற்பேன்.

இயந்திரக்காரரிடம் ஒரு மாதம் அவகாசம் கேள். அதற்குள் மதனியை உப்பைக் குறைத்து இரண்டு கிலோ அரைக்கச் சொல்லி, புதன்கிழமைச் சரக்கு வண்டியில் அனுப்பு. எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது என்பதை முறையாகப் பரிசோதித்த பிறகே கடையில் வைப்பேன்.

அன்புடன்,
முருகேசன்