செக்கானூரணி ஆட்டோ அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள உறவுகளே,

ஊர் ஊராக வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற நம் அமைப்புக்குப் புதிய செயலாளர் பொறுப்பேற்றுவிட்டார். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிர்வாகி மாறியதைத் தெரிவிக்கிற படிவம் 7 கொடுத்தாயிற்று, வங்கியிலும் கையெழுத்து மாறியாயிற்று. இந்த மாதம் களப்பணியாளர்களுக்குச் சம்பளம் போய்விடும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எந்த ஊரிலும் நிற்காது. இடையில் சம்பளம் தள்ளிப்போனது முதல் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், மறுபடி சொல்லவில்லை.

ஆனால் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுத்த பொதுக்குழு நடந்த காலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி நடக்கிற அமைப்பு நம்முடையது. கோரம், அதாவது கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், சேர்ந்து தீர்மானம் போடாமல் எதுவும் நகராது. உறுப்பினர்களில் பாதிப்பேர் மல்லிகை பறிக்கிற பெண்கள். விடியுமுன் தோட்டத்தில் இறங்கி, மொட்டு விரிவதற்குள் பறித்து மாட்டுத்தாவணிக்கு அனுப்ப வேண்டும். அதை முடித்துவிட்டு பத்து மணிக்கு மதுரைக்கு வந்து சேர்வது லேசான காரியமா?

அங்கேதான் செக்கானூரணி ஆட்டோ அண்ணன் வந்தார். அவர் தினமும் பூ மூட்டைகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறவர். நம் உறுப்பினர் இல்லை. அவரிடம் யாரும் உதவி கேட்கவும் இல்லை. நம் களப்பணியாளர் டீக்கடையில் புலம்பியது காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் சீட்டைத் துடைத்து, ஒரு மர முக்காலியையும் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். முழங்கால் வலிக்காரர்கள் ஏற இறங்க அந்த முக்காலி. ஒவ்வொரு ஊரிலும் தானே இறங்கி அதைத் தரையில் வைத்து, ஆடாமல் காலால் மிதித்துக்கொண்டு, “மெதுவா ஏறுங்க ஆத்தா” என்று கை கொடுத்திருக்கிறார். மண்டப வாசலிலும் அப்படியே.

டீசல் காசு கொடுக்கப் போனேன். “எங்க அம்மாவுக்கு மாத்திரைய வீட்டு வாசல்வரைக்கும் கொண்டாந்து குடுத்தீங்களே, காசு கேட்டீங்களா சார்?” என்று சொல்லிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் கொண்டுவந்து சேர்த்த பாட்டி ஒருவர்தான் கூட்டத்தில் எழுந்து, செயலாளர் பொறுப்புக்கு வந்தவரிடம், “எங்க ஊருக்கு நீங்க நேர்ல வருவீங்களா, ஆள் அனுப்புவீங்களா?” என்று கேட்டது. நேர்காணலில் நாங்கள் அடுக்கிய கேள்விகளையெல்லாம்விட அது பெரிய கேள்வி. நர்ஸாக அதே ஊர்களில் நடந்த நம் புதிய செயலாளர், கிழமையையும் நேரத்தையும் சொல்லியே பதில் கொடுத்தார். அப்புறம்தான் கைகள் உயர்ந்தன. மாத்திரை வாங்குகிறவர்கள் கை தூக்கித் தேர்ந்தெடுத்த தலைமை இது என்பதில் எனக்கு அவ்வளவு நிறைவு.

கடனுக்கு மருந்து கொடுத்த கடைக்காரர், கட்டணம் வாங்காத ஆடிட்டர், துணைவிதிகளை ராத்திரியெல்லாம் படித்துப் பார்த்த வக்கீல், முகாம் நிற்காமல் பார்த்துக்கொண்ட ஓய்வுபெற்ற கிராம செவிலியர் அக்கா, சம்பளம் தள்ளிப்போனபோதும் வீடு வீடாகப் போன பிள்ளைகள் என எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

பொருளாளராக ஒரு வாக்கு தருகிறேன். அடுத்த பொதுக்குழு மதுரை மண்டபத்தில் நடக்காது. செக்கானூரணிப் பக்கம், பூ வேலை முடிந்த பிற்பகலில் நடக்கும். அதற்கான தீர்மானத்தை வருகிற செயற்குழுவில் நானே கொண்டுவருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பொருளாளர்