சிக்கல் ஜோக்கில் இல்லை, கைதில்

ஆசிரியருக்கு,

மதத்தைச் சீண்டும் ஸ்டாண்ட்-அப் காமெடி என்றதும் ‘295ஏ போடு’ என்கிறார்கள். மத உணர்வைப் புண்படுத்துவதற்கான அந்தப் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299. தண்டனை 3 ஆண்டு வரை. மனம் புண்பட்டது மட்டும் போதாது, ‘வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்’ என்பதை நிரூபிக்க வேண்டும். 1957-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

ஆனால் கைதுக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லையே! 2021 ஜனவரி 1-ல் இந்தூரில் பிடிபட்ட ஸ்டாண்ட்-அப் காமெடியன் முனாவர் ஃபாரூக்கிக்கு பிப்ரவரி 5-ல்தான் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது. அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-வது பிரிவு கைதுக்கு வகுத்த நடைமுறை பின்பற்றப்படாதது அதற்கு ஒரு காரணம்.

மேடையேறுபவர்கள் முழு நிகழ்ச்சியையும் வெட்டாமல் பதிவுசெய்து வைப்பது நல்லது. முப்பது நொடித் துண்டில் பீடிகை போய், பஞ்ச் மட்டும் தொங்கும். நோக்கம் தெரிவதோ பீடிகையில்தான்.

– வாசகர், மதுரை