மாவட்டச் சின்னம் கேட்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரிக்குத் தனிச் சின்னம் வேண்டும் என்று பேசிவரும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். அரசு அலுவலகங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவன் நான், குன்னூர்க்காரன். மாநில முத்திரையைத் தகரத்திலும் சுவரிலும் வரைந்து வரைந்து கை பழகியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் ஆசையில் குற்றமில்லை. நீங்கள் காட்டிய மாதிரிப் படம்தான் உறுத்துகிறது. மலை ரயில், தேயிலைக் கொழுந்து, குறிஞ்சி, யானை, தோடர் குடில், தொட்டபெட்டா என எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் அடைத்துவிட்டீர்கள். சீர்வரிசைத் தட்டு போல இருக்கிறது. அதை ரப்பர் ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கி மையில் ஒற்றிப் பாருங்கள், கறுப்புத் திட்டு ஒன்றுதான் மிஞ்சும்.

நம் மாநில முத்திரையைக் கவனியுங்கள். பின்னால் கோபுரம், முன்னால் அசோகரின் சிங்கத் தூண், இருபுறமும் தேசியக் கொடி. அவ்வளவுதான். மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ் வரைந்தது, 1949இல் நடைமுறைக்கு வந்தது. புலி, மீன், வில் என்று மூவேந்தர் சின்னங்கள் ஆயத்தமாகக் கிடந்தும் முத்திரையில் அவை எதுவும் ஏறவில்லை. நல்லவேளை! ஏறியிருந்தால் யாருக்கு முதலிடம் என்ற சண்டை இன்றும் ஓய்ந்திருக்காது. அன்றைய சென்னை மாகாணத்தில் ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் தென்கன்னடமும் சேர்ந்திருந்தன. 1953இலும் 1956இலும் அவை பிரிந்து போயின, 1969இல் மாநிலத்தின் பெயரே மாறியது. கோபுரம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. இப்போது மேலே ‘தமிழ்நாடு அரசு’, கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்று எழுதுகிறோம்.

அது எந்த ஊர்க் கோபுரம் என்ற வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்று பாதித் தமிழ்நாடு சத்தியம் செய்யும். வரைந்தவரோ மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னார். ஓவியர் சொன்னதே எனக்குச் சாட்சி. ஆனாலும் இரண்டு ஊர்க்காரர்கள் ‘எங்களுடையது’ என்று மல்லுக்கு நிற்கும்படி ஒரு படம் அமைவது சாதாரணத் திறமையா?

நம் மலைக்கு வேண்டியது அப்படி ஒன்று. ரயில் அழகுதான்; 1899இல் குன்னூர் வரை வந்தது, 1908இல் ஊட்டியை எட்டியது, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்தப் பெருமை அதற்குப் போதும். தேயிலை வெள்ளைக்காரர் காலத்துப் பயிர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பி வந்து கொழுந்து பறிப்பவர்களுக்கு அது பிழைப்பு, காட்டை இழந்தவர்களுக்கு அது வேறு கதை. தோடர் குடிலைப் போடுவதற்கு நான் கடுமையாக எதிர்ப்பு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. அவர்களில் ஒருவர் வீட்டை மட்டும் எடுத்து, அதுவும் சுற்றுலாப் போஸ்டரில் வருகிற மாதிரி ஒட்டினால், மற்ற ஐவரும், இதே மலையில் வாழும் படகர் சமூகத்தாரும் என்ன நினைப்பார்கள்?

என் ஓட்டு வரையாட்டுக்கு. ‘அதுதான் ஏற்கெனவே மாநில விலங்காயிற்றே’ என்பீர்கள். இருக்கட்டுமே. முக்குறுத்தி மலையின் பாறைச் சரிவில் நிற்கும் அதற்குச் சாதியுமில்லை, பட்டாவுமில்லை. சங்கப் பாடல்களில் வருடை என்று வருகிறது. பெயிண்டர் கண்ணுக்கும் அது வரம்: பின்னோக்கி வளைந்த கொம்பு, முதிர்ந்த கடாவின் முதுகில் வெளுத்த பகுதி. ஒரே நிறத்தில் அடித்தாலும் ஆள் தெரியும். அடியில் ஒரு மலைக்கோடு போதும். வாசகம் வேண்டாம், மாநில முத்திரையில் இருப்பது நமக்கும் சேர்த்துத்தான்.

சிங்கத் தூணைத் தொடாதீர்கள். தேசியச் சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. பலகை எழுதும்போது எங்களுக்கே அந்தப் பயம் உண்டு.

படத்தை மாற்றி வரைந்ததும் கலெக்டர் அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். முதலில் தோடர் ஊர்களான மந்துகளுக்கும், கோத்தர் ஊர்களான கோக்கால்களுக்கும், படகர் ஊர்களான ஹட்டிகளுக்கும், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் கூடலூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோய்க் காட்டுங்கள். விளக்கம் சொல்லாமல் காட்டுங்கள். கோடு இழுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து ஒரு பெயர்ப்பலகை ஓவியன்