'பெர்மிஷன் இல்லை' என்று வந்தால் ஃபார்மட் செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பெங்களூருவில் பல வீடுகளில் புதுக் கணினி வாங்குகிறார்கள், அல்லது இருப்பதிலேயே விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டுக்கொள்கிறார்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை, எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாட்டா-யுஎஸ்பி கேபிளில் மாட்டி கல்யாண போட்டோ ஃபோல்டரைத் திறந்தால், 'யூ டோன்ட் கரன்ட்லி ஹேவ் பெர்மிஷன்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. சர்வீஸுக்குக் கொண்டுபோனால் சில இடங்களில் "டிஸ்க் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்" என்கிறார்கள். டிஸ்க் போகவில்லை. ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. ஃபார்மட் செய்யலாம் என்ற பேச்சை நம்பி ஆண்டுக்கணக்கான படங்களை இழக்கும் குடும்பங்களுக்காகவே இந்தக் கடிதம்.

விண்டோஸ் உங்கள் யூசர் கணக்கின் பெயரைப் பார்த்து அனுமதி தருவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்றை உருவாக்கி, ஃபைலின் மீது அந்த எண்ணைத்தான் எழுதி வைக்கிறது. புதுக் கணினியில் அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் வைத்தாலும் எண் வேறு. அதனால் பழைய டிஸ்க்குக்கு நீங்கள் அந்நியர். சந்தேகமிருந்தால் ஃபோல்டர் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி என்று போய்ப் பாருங்கள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'அக்கவுன்ட் அன்னோன்' என்றும் பக்கத்தில் அந்த நீண்ட எண்ணும் இருந்தால், காரணம் இதுதான்.

முதலில் அந்தப் பெட்டியில் உள்ள 'கன்டினியூ'வை அழுத்துங்கள். கணினியை நிர்வகிக்கும் அதிகாரமுள்ள அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கோ எல்லா விண்டோஸிலும் ஒரே எண் (எஸ்-1-5-32-544) என்பதால், நீங்கள் அட்மின் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் இதிலேயே வேலை முடிந்துவிடும். ஃபைல்கள் அதிகமென்றால் வேலை நடப்பதைக் காட்டும் பச்சைக் கோடு மெதுவாகத்தான் நகரும். பொறுமையிழந்து கேபிளைப் பிடுங்கிவிடக் கூடாது.

அதிலும் திறக்காவிட்டால் உரிமையை மாற்றவேண்டும். செக்யூரிட்டியில் 'அட்வான்ஸ்டு' போய், ஓனர் என்ற வரியில் 'சேஞ்ச்' அழுத்தி உங்கள் கணக்கின் பெயரை இட்டு 'செக் நேம்ஸ்' கொடுங்கள். பெயர் சரியாகத் தெரியவில்லையா? கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஹூ ஆம் ஐ' என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்தால் அதுவே காட்டும். அடுத்து, 'ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ்' என்ற கட்டத்தில் டிக் போட்டு அப்ளை செய்யுங்கள். பலர் தவறவிடுவது இந்த டிக்கைத்தான். போடாவிட்டால் மேல் ஃபோல்டர் மட்டும் உங்களுடையதாகும், உள்ளே இருப்பவை பூட்டியே கிடக்கும்.

உரிமையாளர் ஆகிவிட்டதாலேயே திறக்க முடியும் என்றில்லை. அனுமதி கொடுக்கும் அதிகாரம்தான் அதனால் கிடைக்கிறது. எல்லா பெட்டிகளையும் மூடிவிட்டு, மறுபடி அட்வான்ஸ்டு திறந்து, 'ஆட்', 'செலக்ட் எ பிரின்சிபல்' வழியாக உங்கள் பெயரைச் சேர்த்து 'மாடிஃபை' (படிக்க, மாற்ற, அழிக்க அனுமதி) கொடுங்கள். 'அப்ளைஸ் டு' என்ற இடத்தில் ஃபோல்டர், சப்ஃபோல்டர், ஃபைல் மூன்றும் இருக்கட்டும். பட்டியலில் 'டினை' (மறுப்பு) என்று ஏதாவது வரி இருந்தால் அதை நீக்குங்கள். ஒரே இடத்தில் 'அலோ', 'டினை' இரண்டும் இருந்தால் 'டினை'தான் ஜெயிக்கும்.

இந்த வேலையை உங்கள் போட்டோ, டாக்குமென்ட் ஃபோல்டர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவ் முழுவதற்கும் 'எவ்ரிஒன்' என்று சேர்த்து ஃபுல் கன்ட்ரோல் கொடுத்து, "இனிமே தொல்லையே வராது" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. சிஸ்டம் ஃபைல்கள் 'டிரஸ்டட்இன்ஸ்டாலர்' என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கின் வசம் இருப்பதே நாமோ வைரஸோ அவற்றைத் தொட முடியாதபடிதான். அதை உடைத்தால் அப்டேட்டுகள் தகராறு செய்யும், வைரஸுக்கும் கதவு திறந்துவிடும். ஒளிந்திருக்கும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கைப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து வைத்துவிட்டுப் போவதும் இதே ரகம்.

ஒரே கணினியை வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும்போது வருவது வேறு வகைச் சிக்கல். அப்பாவின் கடை வரவுசெலவுக்கு ஒன்று, பி.யு.சி. படிக்கும் மகளின் புராஜெக்ட்டுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு யூசர் கணக்கு வைத்திருப்பார்கள். அப்பா போட்ட பில் அம்மாவின் கணக்கில் தெரியாது, ஆனால் புரோகிராம் ஒன்றுதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பழைய பில்லிங் மென்பொருள்கள் தகவலைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதப் பார்க்கும். அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டா முதல் சாதாரண அனுமதியில் அங்கே எழுத முடியாது. பழைய 32-பிட் புரோகிராம் என்றால் விண்டோஸ் அதைத் தடுக்காமல், அவரவர் கணக்கின் ஆப்டேட்டா, லோக்கல், 'வர்ச்சுவல்ஸ்டோர்' என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். ஆளுக்கொரு நகல் உருவாவது இப்படித்தான். இதைச் சரிசெய்வதாக நினைத்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் இந்தத் திருப்பிவிடுதல் நின்றுபோய், நேற்றுவரை போட்ட பில்கள் காணாமல் போனதுபோல் தெரியும். அவை வர்ச்சுவல்ஸ்டோரில் பத்திரமாக இருக்கும். முதலில் அவற்றை வேறிடத்தில் நகல் எடுத்துவைத்துவிட்டு, மென்பொருளின் டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் 'யூசர்ஸ்' குழுவுக்கு மாடிஃபை அனுமதி கொடுப்பதே முறை. மகளின் கணக்கு 'ஸ்டாண்டர்டு' ஆகவே இருக்கட்டும். அதற்காக அவளை அட்மின் ஆக்கத் தேவையில்லை.

அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் டாக்குமென்ட்ஸில் சேவ் ஆகவில்லை என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பாதுகாப்பின் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்செஸ்' யாராவது இயக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதை அணைக்க வேண்டாம், அந்தப் புரோகிராமை மட்டும் அனுமதித்தால் போதும்.

மேலே சொன்ன எதுவும் என்கிரிப்ட் செய்த, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைத்த, ஃபைல்களிடம் செல்லாது. ஃபைல் படத்தின் மேல் சின்னப் பூட்டு இருந்தால், பழைய விண்டோஸிலிருந்து எடுத்த, அந்தப் பூட்டுக்குச் சாவியான சர்ட்டிஃபிகேட் தேவை. விண்டோஸின் பிட்லாக்கர் வசதி டிஸ்க்கையே பூட்டியிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ தேவை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தவர்களுக்கு அது பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே கிடைக்கும். இவை இரண்டும் பழைய கணினி ஓடும்போதே எடுத்துவைக்கவேண்டியவை. சர்ட்டிஃபிகேட் இல்லாமல் பழைய விண்டோஸை அழித்தபின் எந்தக் கடைக்காரராலும் அந்த ஃபைல்களை மீட்க முடியாது.

ஆகவே சர்வீஸ் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபார்மட் செய்யுமுன் செக்யூரிட்டி பக்கத்தை வாடிக்கையாளர் கண்முன்னே திறந்து காட்டுங்கள். ரெகவரி கீ எடுத்தாகிவிட்டதா என்று கேட்டு, பில்லிலேயே அதைக் குறித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
அல்சூர், பெங்களூரு.