பட்டறையில் கற்ற பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளின் குணத்தைப் பள்ளிதான் உருவாக்குகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வீடுகளில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வியாபாரி வெள்ளியை எடை போட்டுத் தருவார், கொலுசாகத் திரும்பும்போதும் எடை போட்டுத்தான் வாங்குவார், உருக்குவதிலும் அரத்தால் ராவுவதிலும் போகும் சேதாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு, அதற்குள் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டால் வெளியே தெரியாது. என் அப்பா தரையில் சிந்திய தூளைக்கூடக் கூட்டி எடுத்து, உருக்கி, வியாபாரியிடமே சேர்த்துவிடுவார். நேர்மையைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை.

இன்று நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் தூக்கம் வராது. அப்புறம், அப்பாவுடைய முன்கோபமும் எனக்கு அப்படியே வந்திருக்கிறது, அதை என் பிள்ளைகளிடம் காட்டாமலிருக்கப் பாடுபடுகிறேன். சரி, எல்லாமே பெற்றோர் தந்ததுதான் என்று சொல்லவில்லை, எதை வைத்துக்கொள்வது என்பது நம் பொறுப்பு. ஆனாலும் தெருவில் ‘கொலுசுக்காரர் மகனா நீ?’ என்று கேட்டு நம்பிக் கடன் தருகிறார்களே, அந்த நம்பிக்கை அவர் சம்பாதித்தது.

இப்படிப்பட்ட தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் அனுபவங்களையும் உங்கள் ஞாயிறு இதழில் வெளியிடுங்கள்.

— ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்