செயலாளரின் ஆண்டறிக்கை: ரப்பர் படகும் ஃப்ரிட்ஜும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் திரைப்பட ரசிகர் சங்கத்தின் இந்த ஆண்டுச் செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன். உறுப்பினர் எண்ணிக்கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நூலகத்திலிருந்து வாங்கிப்போன குறுந்தகடுகள் சில இன்னும் வீடு திரும்பவில்லை, எடுத்தவர்களுக்குத் தெரியும். நிர்வாகம் என்று சொல்ல இவ்வளவுதான். மற்றபடி ஆண்டு முழுக்க நாம் செய்தது ஒரே வேலை: புதையல் தேடி அலையும் தொல்பொருள் ஆய்வாளர் இண்டியானா ஜோன்ஸின் சாகசப் படங்களில் அடுத்தடுத்த பாகங்களை வைத்துச் சண்டை போட்டோம். ஆகவே இந்த அறிக்கையும் அந்தச் சண்டையின் பதிவாகவே இருக்கும்.

முதல் தகராறு எந்த வரிசையில் பார்ப்பது என்பதில். 1981-இல் வந்த ‘ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’ கதை 1936-இல் நடக்கிறது. 1984-இல் வந்த ‘டெம்பிள் ஆஃப் டூம்’ 1935-க்குப் போகிறது. கதையின் காலப்படி பார்த்தால் இரண்டாவது படம்தான் முதலில் வர வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். வெளியான வரிசையே போதும் என்று தலைவர் முடித்துவைத்தார். நல்ல வேளை. டெம்பிளில் தொடங்கியிருந்தால் பாதிப் பேர் அடுத்த மாதம் வந்திருக்க மாட்டார்கள்.

முதல் படத்தைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழவில்லை. இண்டியானா இல்லாவிட்டாலும் நாஜிகள் பைபிளில் வரும் அந்தப் பேழையைத் திறந்து செத்திருப்பார்களே, அப்புறம் எதற்கு இந்தக் கதாநாயகன் என்ற பழைய கேள்வியை இளைய உறுப்பினர் ஒருவர் எழுப்பினார். பதில் சொல்ல ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் எழுந்ததால் ஒருவர் பதிலும் குறிப்பேட்டில் ஏறவில்லை.

தொடர்ச்சிகள் என்று வரும்போது எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. கைவசம் மூன்று கதைகள் இருக்கின்றன என்று கதையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் சொன்னதை நம்பித்தான் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் மூன்று படத்துக்கும் தலையாட்டினார். பின்னால் பார்த்தால் மற்ற இரண்டு கதைகளும் இல்லவே இல்லை. முதல் படத்துக்கு யோசித்து ஒதுக்கிவைத்த சுரங்க வண்டித் துரத்தலையும், விமானத்திலிருந்து ரப்பர் படகில் குதிப்பதையும் எடுத்து இரண்டாம் படத்தில் கோத்தார்கள். அந்த நேரத்தில் லூகாஸ் விவாகரத்தில் இருந்தார். படம் இருண்டதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. இருட்டு எந்த அளவுக்கு என்றால், சிறுவர்கள் பார்க்கலாமா கூடாதா என்று பெற்றோர்கள் குழம்பி, அமெரிக்காவில் 1984 ஜூலையில் ‘பி.ஜி. 13’ என்ற புதுச் சான்றிதழ்ப் பிரிவே பிறந்தது. ஸ்பீல்பெர்க்கே பிற்பாடு அந்தப் படம் தனக்குத் திருப்தி தரவில்லை என்று சொல்லிவிட்டார்.

நம் கூட்டத்தில் பேசப்பட்ட இருட்டு வேறு. படத்தில் நம் ஆட்கள் வருகிறார்களே. இந்திய அரசு திரைக்கதையைப் படித்துவிட்டு அனுமதி தராததால் இலங்கையின் கண்டிப் பகுதியில் படம் பிடித்தார்கள். இந்தியக் கிராமம் என்று காட்டப்படும் இடத்தில் மக்கள் சிங்களம் பேசுகிறார்கள். அரண்மனை விருந்தில் பாம்பு, வண்டு, கண் சூப், குரங்கு மூளை. தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொலைக் கூட்டத்தை ஆங்கிலேயர் ஒடுக்கியது 1830-களில். படத்தில் அவர்கள் நூறாண்டு கழித்தும் காளிக்கு முன்னால் இதயத்தைப் பிடுங்குகிறார்கள். அப்படியொரு வழிபாடு எந்தக் காளி கோயிலிலும் இருந்ததில்லை. இந்தியாவில் படம் கொஞ்ச காலம் தடையில் கிடந்தது.

துணைத் தலைவர் அம்மா, இதெல்லாம் தெரிந்தும் தான் படத்தை ரசிப்பதாகவும், காரணம் அதில் மோலா ராம் என்ற வில்லனாக வரும் அம்ரிஷ் பூரி என்றும் சொன்னார். அதை மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ‘தளபதி’யின் கலிவரதனைப் பார்த்து வளர்ந்தவர்கள் மோலா ராமைப் பார்க்கும்போது ஒரு சொந்தக்கார வில்லனைப் பார்த்த மாதிரிதான் இருக்கும். அந்தப் படத்துக்காக மொட்டையடித்தவர் அதன் பிறகு அதையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டார். எதிர்த்தரப்பில் பேசிய மூத்த உறுப்பினரின் வாதம் எனக்கு வலுவாகப் பட்டது. விருந்துக் காட்சியைக்கூடக் கேலி என்று விட்டுவிடலாம், ஆனால் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஓர் ஊரே கைகட்டி உட்கார்ந்து வெளியூர்க்காரருக்காகக் காத்திருக்கிறதே, கடைசியில் துப்பாக்கியோடு வந்து கை கொடுப்பதும் ஆங்கிலேய அதிகாரியின் படைதானே என்று அவர் கேட்டார். இதற்குத் துணைத் தலைவர் பதில் சொல்லவில்லை. தொங்குபாலத்துக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார்.

‘லாஸ்ட் க்ரூசேட்’ கூட்டம் அமைதியாகப் போனது, அதனால் சுருக்கமாகவும் முடிந்தது. 1989-இல் வந்த இந்த மூன்றாம் பாகத்தைப் பிடிக்காதவர் சங்கத்தில் இல்லை. ஸ்பீல்பெர்க் ஒரு காலத்தில் ஜேம்ஸ் பாண்ட் படம் எடுக்க ஆசைப்பட்டவர். பாண்டாக நடித்த ஷான் கானரியையே இண்டியானாவுக்கு அப்பாவாக்கினார். கானரி பிறந்தது 1930, இண்டியானாவாக வரும் ஹாரிசன் ஃபோர்டு 1942. பன்னிரண்டு வயது மூத்த அப்பா! திரையில் அது துளியும் உறுத்துவதில்லை. ஒரே ஒரு குறை பதிவாகியிருக்கிறது: முதல் படத்தில் மரியாதையான மனிதராக வந்த, இண்டியானாவின் நண்பர் மார்கஸ் ப்ராடியை இதில் கோமாளியாக்கிவிட்டார்கள். மறுபடி நாஜிகள், மறுபடி பைபிள் புதையல். முதல் படத்தையே திரும்பச் செய்ததால் இதற்குப் பாராட்டு, வேறு மாதிரி செய்ததால் இரண்டாவதற்குத் திட்டு என்றால் ரசிகர்கள் கேட்பது என்ன என்று பொருளாளர் கேட்டார். இந்தக் கேள்வி அடுத்த கூட்டத்துக்கும் கூடவே வந்தது.

அடுத்த கூட்டம் ‘கிங்டம் ஆஃப் த கிரிஸ்டல் ஸ்கல்’. மண்டப வாட்ச்மேன் விளக்கை அணைத்துக் காட்டும்வரை நடந்தது. பத்தொன்பது வருடம் கழித்து 2008-இல் வந்த படம், கதை 1957-இல். லூகாஸின் கணக்கு எளிது: முப்பதுகளில் நடந்த கதைகள் முப்பதுகளின் வாராந்திர சாகசத் தொடர்ப் படங்களைப் போல் இருந்தன, ஐம்பதுகளின் கதை ஐம்பதுகளின் மலிவு விஞ்ஞானப் படங்களைப் போல் இருக்கட்டும். ஆகவே நாஜிகளுக்குப் பதில் ரஷ்யர்கள், தெய்வத்துக்குப் பதில் வேற்றுலகத்தார். கணக்கு சரி. பார்ப்பவன் மனசு அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு தியேட்டருக்கு வருவதில்லை என்பது வேறு. படம் உலகமெங்கும் 78 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது என்பதையும் எதிரணி நினைவில் வைக்க வேண்டும். திட்டியவர்களும் டிக்கெட் வாங்கித்தான் திட்டினார்கள்.

சண்டை வேற்றுலகத்தாரைப் பற்றி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஃப்ரிட்ஜில் வந்து நின்றது. அணுகுண்டுச் சோதனை நடக்கும் இடத்தில் மாட்டிக்கொண்ட இண்டியானா, ஈயம் பூசிய ஃப்ரிட்ஜுக்குள் ஒளிந்து, அதோடு வானத்தில் பறந்து விழுந்து உயிரோடு எழுகிறார். இரண்டாம் படத்தில் ரப்பர் படகில் விமானத்திலிருந்து குதித்தபோது கைதட்டினீர்களே, ஃப்ரிட்ஜ் மட்டும் எந்த விதத்தில் குறைந்துபோயிற்று என்று ஆதரவாளர்கள் மடக்கினார்கள். இயற்பியல் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இரண்டிலுமே ஆள் பிழைக்க வாய்ப்பில்லை என்று தீர்ப்பு சொல்லி, இரு தரப்பின் விரோதத்தையும் சம்பாதித்துக்கொண்டார்.

செயலாளர் நடுநிலை காக்க வேண்டும் என்பது நம் விதி. ஆனால் அறிக்கையில் கருத்து எழுதக் கூடாது என்று விதியில் இல்லை. என் கருத்து இது. படகுக் காட்சியில் ஆள் வேலை செய்கிறார். பாராசூட் இல்லை என்று தெரிகிறது, தேடுகிறார், கையில் கிடைத்ததை எடுக்கிறார், இரண்டு பேரையும் இழுத்துப்போட்டுக்கொண்டு குதிக்கிறார். பனிச் சரிவு, பிறகு செங்குத்துப் பாறை, பிறகு ஆறு என்று ஒவ்வொரு கட்டத்திலும் இன்னொரு முறை சாக வேண்டியிருக்கிறது. ஃப்ரிட்ஜில் கதவைச் சாத்திக்கொள்வதோடு அவர் வேலை முடிந்தது, மீதியை ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொள்கிறது. எழுந்து தூசி தட்டுகிறார், ஒரு எலும்பும் நோகவில்லை. இந்தப் படங்களில் நடக்காதது நடக்கலாம், ஆனால் நடந்தது உடம்பில் தெரிய வேண்டும். முதல் படத்தில் கப்பலில் காதலி மேரியன் எங்கே தொட்டாலும் அவருக்கு வலிக்கிறது. வலிக்காத இடம் எது என்று அவள் கேட்க, முழங்கையைக் காட்டுகிறார். நமக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த முழங்கையால்தான். நாலாம் படத்தில் குரங்குகளோடு கொடியில் தொங்கும் காட்சியும், மூன்று அருவிகளில் அடுத்தடுத்து விழும் காட்சியும் கம்ப்யூட்டரில் நடந்து முடிகின்றன, ஒருவருக்கும் ஈரம்கூடச் சரியாக ஒட்டவில்லை.

இந்தக் கருத்துக்கு எதிராக இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. கோப்பில் வைத்திருக்கிறேன்.

‘டயல் ஆஃப் டெஸ்டினி’யை வைத்தும் இதே உரைகல்லில் பேசினோம். 2012-இல் டிஸ்னி லூகாஸ் பிலிமை வாங்கியது. ஸ்பீல்பெர்க் விலகி ஜேம்ஸ் மான்கோல்ட் இயக்கிய படம் 2023-இல் வந்தபோது ஃபோர்டுக்கு எண்பது. தொடக்கத்தில் 1944-இன் ரயில் சண்டை, கம்ப்யூட்டரில் இளமையாக்கிய முகம். முகத்தைப் பாராட்டினார்கள், சண்டையைப் பாராட்டியவர் குறைவு. படம் 1969-க்கு வந்து, சட்டையில்லாத ஒரு கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்ததும்தான் மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. குகையில் பாறை ஏறும்போது தன் முதுகெலும்பில் தொடங்கி ஒவ்வொரு காயமாக எண்ணிச் சொல்கிறாரே, அந்த இடத்தைச் சிலர் புலம்பல் என்றார்கள். எனக்கு அதுதான் படம். மகனை வியட்நாமில் பறிகொடுத்தவர், மேரியனைப் பிரிந்தவர், காலம் தாண்டி ஆர்க்கிமிடீஸ் வாழ்ந்த பழைய சிராக்கூஸ் நகருக்குப் போனதும் திரும்பி வர மறுக்கிறார். அவருடைய ஞானமகள் ஹெலனா ஒரே குத்தில் மயக்கி அழைத்துவருகிறாள். அவர் முடிவை அவரையே எடுக்க விட்டிருக்க வேண்டும் என்று பாதிப் பேர், மேரியன் முழங்கையைக் காட்டும் கடைசிக் காட்சிக்காக எதையும் மன்னிக்கலாம் என்று மீதிப் பேர். வசூல் உலக அளவில் 38 கோடி டாலரை ஒட்டி நின்றது. தயாரிப்புச் செலவே 30 கோடியை நெருங்கியதால் கம்பெனிக்கு நஷ்டம். ஐந்துக்கும் ஜான் வில்லியம்ஸ்தான் இசை என்பதில் மட்டும் ஆண்டு முழுவதிலும் ஒருமனதான தீர்மானம் நிறைவேறியது.

வரும் ஆண்டுக்கு, 1992-இல் தொடங்கிய இளம் இண்டியானா தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. ஆண்டு விழாத் திரையிடலிலிருந்து நாலாம் பாகத்தை நீக்க வேண்டும் என்ற தீர்மானம் இப்போது பொதுக்குழுவின் முன் வைக்கப்படுகிறது. முழுப் படத்தையும் வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் காட்சியை மட்டும் நீக்கலாம் என்று துணைத் தலைவர் எழுத்துமூலம் திருத்தம் கொடுத்திருக்கிறார். நகல்கள் வாசல் மேஜையில் உள்ளன. முதலில் திருத்தம், பிறகு தீர்மானம் என்ற வரிசையில் வாக்கெடுப்பு நடக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்